கிரகணத்தைச் சுவரில் காண்போம்



அவிநாசி என்றவுடன் நம் பக்கத்தார்க்குத் தேர் நினைவுக்கு வரும். முதலை உண்ட பாலனைச் சுந்தரர் மீட்ட கதை நினைவுக்கு வரும். வான நூல் பயின்றவர்களுக்கோ வேறொன்றும் நினைவுக்கு வரும். 1871-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் காலையில், சென்னை வான் ஆய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த நார்மன் போக்சன் என்பார், அந்த அவிநாசியிலே தொலைநோக்கியை நாட்டி, முழுச் சூரிய கிரகணத்தைக் கண்டார். அதே காலையில் நீலகிரி மலைமேல் சோலூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் காத்திருந்தார். மலையாளக் கரையில் பேக்கல் கோட்டையில் ஆங்கிலேய அறிஞர் லாக்கியர் காத்திருந்தார். கடல் கடந்து வந்தவர்களெல்லாம் சில நிமிட இருளுக்காக நம் கொங்கு நாட்டையும் அதன் அயலையும் தேடி வந்தார்கள். போக்சனுக்கு முதல் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் நம்மவர். விண்மீன் ஒன்றின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தவர். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்க இருந்தபோது, அதை எளிய மக்களுக்கு விளக்கும் பொருட்டு உரையாடல் வடிவில் ஒரு சிறு நூல் எழுதினார். வானத்தில் நிகழ்வதைச் சாதாரண மனிதனுக்கும் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ஓர் ஆசிரியனுக்கு அவரிடத்தில் தனி மதிப்பு ஏற்படுவது இயல்பே.

அதன் பின் 148 ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பர் 26-ஆம் நாள், நிலவின் நிழல் மறுபடியும் நம் பக்கமாக வந்தது. இம்முறை முழுக் கிரகணம் அன்று. கங்கண கிரகணம், அதாவது வளையல் போன்ற ஒளிவட்டம் எஞ்சி நிற்கும் கிரகணம். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி என்று அதன் பாதை அமைந்தது. காலை எட்டு மணியை ஒட்டித் தொடங்கி, ஒன்பதரை மணியளவில் ஏறக்குறைய மூன்று நிமிடம் வளையமாக நின்று, பதினொரு மணிக்குமேல் விலகியது. அன்று நான் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்த சில காரியங்களையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன். அதற்கு முன், நான் செய்த ஒரு பிழையையும் சொல்லியாகவேண்டும்.

1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 16, ஒரு சனிக்கிழமை. கருநாடகக் கரையிலிருந்து ஒரிசாக் கரைவரை முழுக் கிரகணம். நமக்கு அது பகுதிக் கிரகணம். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்திருந்த புதிது எனக்கு. ஊரார் கதவடைத்து உள்ளே இருக்க, நான் மட்டும் அறிவுடையவன் என்ற செருக்கோடு, உடைந்த சன்னல் கண்ணாடித் துண்டுகளை மண்ணெண்ணெய் விளக்கில் காட்டிப் புகையேற்றி, மாணவர் சிலரிடம் கொடுத்தேன். 'இதன் வழியாகப் பாருங்கள், ஒன்றும் செய்யாது' என்றேன். அவர்களுள் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மிக ஆவலோடு, நெடுநேரம், ஒற்றைக் கண்ணால் பார்த்தான். திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தவன், கரும்பலகையில் எழுதிய சொல்லில் தான் நோக்கும் எழுத்து மட்டும் தெரியவில்லை, பக்கத்து எழுத்துக்கள் தெரிகின்றன என்றான். விழித்திரையின் நடுவில் சூடு பட்டிருப்பதாகக் கண் மருத்துவர் கூறினார். சில மாதங்களில் ஓரளவு தெளிந்தது, முழுவதும் தெளியவில்லை.

திருப்பூர் வட்டாரத்தில் கண் என்பது வயிற்றுப்பாடு. ஊசியில் நூல் கோக்கவும், ஓவர்லாக் எந்திரத்தில் விளிம்பு பிடிக்கவும், செக்கிங் மேசையில் பீசைப் பிரித்துப் போட்டுத் துளையும் கறையும் கண்டுபிடிக்கவும் கண்ணே மூலதனம். அந்தப் பையன் வளர்ந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தபோது தையலும் செக்கிங்கும் அவனுக்குக் கைகூடவில்லை. பெட்டி கட்டுவதும் வண்டி ஏற்றுவதுமாகவே அவன் வேலை அமைந்தது. அவன் என்னை ஒருநாளும் நொந்துகொண்டதில்லை என்பது வேறு.

புகைக் கண்ணாடி ஏன் கெடுத்தது என்பதைப் பின்னர்தான் முறையாகப் படித்தேன். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரிக்கும் விளையாட்டை அறியாத பிள்ளை இல்லை. நம் கண்ணுக்குள்ளும் அத்தகைய வில்லை ஒன்று உண்டு. அது சூரியனின் வடிவத்தை விழித்திரையின் மேல் ஒரு சிறு புள்ளியாகக் குவிக்கிறது. சாதாரண நாளில் கூச்சம் தாங்காமல் நாமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். கிரகணத்தன்று வெளிச்சம் மங்குகிறது, கூச்சம் குறைகிறது, கண்ணின் பாவையும் சற்று விரிகிறது. ஆனால் மறைபடாத கீற்றின் பிரகாசம் எள்ளளவும் குறைவதில்லை. அக்கீற்று தன் வடிவத்தை அப்படியே விழித்திரையில் பொறித்துவிடும். விழித்திரையில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லாமையால் சுடுவது தெரியாது. பல மணி நேரம் கழித்தே பார்வை மங்கியது தெரியவரும். கங்கண கிரகணத்தில் சூரியனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் மறைந்தாலும், எஞ்சிய வளையம் வளையமாக நிற்கும் அந்த மூன்று நிமிடமும் வெறுங்கண்ணால் பார்க்கத் தகாதது. முழுக் கிரகணத்தில் சூரியன் அறவே மறைந்த அச்சில நிமிடங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

கண்ணுக்குத் தீங்கில்லாத கிரகணக் கண்ணாடி, வெயிலில் லட்சத்தில் மூன்று பங்கு அளவே உள்ளே விடும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற உபாயங்களை எடை போடுங்கள். புகையேற்றிய கண்ணாடியில் கரி ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் படியும். கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களையும் அது சரிவரத் தடுப்பதில்லை. எக்ஸ்ரே படம், பழைய புகைப்படச் சுருள், கறுப்புக் கண்ணாடி எல்லாம் இந்த வகையே. தாம்பாளத்தில் மஞ்சள் நீரோ சாணக் கரைசலோ வைத்து அதில் சூரியனின் நிழலைப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அமைதியான நீர்ப்பரப்பு உச்சி வெயிலிலேயே நூற்றில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்பும். வெயில் சாய்ந்திருந்தால் இன்னும் மிகுதி. லட்சத்தில் மூன்று எங்கே, நூற்றில் இரண்டு எங்கே! வெல்டிங் பட்டறைக் கண்ணாடியைச் சிலர் கேட்பார்கள். பதினான்காம் எண் கண்ணாடி தகும். ஆனால் பட்டறைகளில் சாதாரணமாக இருப்பது பத்து, பதினோராம் எண்கள், அவை போதா. தரச் சான்று பெற்ற கிரகணக் கண்ணாடியேயானாலும், கீறலோ துளையோ இருந்தால் கழித்துவிட வேண்டும். பெரியவர் ஒருவர் அருகிலிருந்தே பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும்.

ஆனால் சூரியனை நோக்காமலே சூரியனைப் பார்க்கலாம். அதற்குக் காசும் வேண்டுவதில்லை.

2019 டிசம்பரில் அந்த வாரம் அரையாண்டு விடுமுறை. பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஆகவே என் வீட்டு முற்றமே வகுப்பறையாயிற்று. நான்கு நாட்களுக்கு முன்பே பிள்ளைகள் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். பெற்றோர் பெரும்பாலும் பனியன் தொழிலில் இருப்பவர்கள். ஆதலால் என்ன பொருள் கொண்டுவரச் சொன்னாலும் அது நூலோடு வந்ததாகவே இருந்தது. முதலில் ஒருவன் நூல் தீர்ந்த காகிதக் கோன் ஒன்றைக் கொண்டுவந்து, 'ஊசித்துளைப் பெட்டிக்கு இது போதுங்களா?' என்றான். நான் மறுமொழி சொல்லவில்லை. செய்து பார்க்கட்டும் என்று விட்டேன். அகன்ற வாயில் தகட்டுத்தாளை ஒட்டி ஊசியால் ஒரு துளையிட்டு, குறுகிய வாயில் வெண்தாள் வைத்தான். கோனின் நீளம் பதினேழு சென்டிமீட்டர். அதில் விழுந்த சூரியன் கடுகளவு!

அப்போது கணக்கைச் சொன்னேன். சூரியனின் குறுக்களவு ஏறத்தாழ 13 லட்சத்து 92 ஆயிரம் கிலோமீட்டர். நமக்கும் அதற்கும் உள்ள தொலைவு 15 கோடி கிலோமீட்டர். தொலைவைக் குறுக்களவால் வகுத்தால் 108 வரும். ஊசித்துளை வழியாக விழும் சூரியனுக்கும் இதே கணக்குத்தான். துளையிலிருந்து திரைவரை உள்ள நீளத்தை 108-ஆல் வகுத்தால் உருவத்தின் அகலம் கிடைக்கும். ஒரு மீட்டருக்கு ஒன்பது மில்லிமீட்டர். இதைக் கேட்டவுடன் ஒரு சிறுமி ஓடிப்போய், துணி சுற்றி வரும் நீண்ட அட்டைக் குழாயொன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றரை மீட்டர் நீளம். அதன் ஒரு முனையில் தகட்டுத்தாளும் ஊசித்துளையும். மறுமுனையை உட்புறம் வெண்தாளால் மூடி, அத்தாளுக்குச் சற்று மேலே குழாயின் பக்கவாட்டில் தீப்பெட்டி அளவு சன்னல் ஒன்று வெட்டினோம். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, குழாயைத் தோள்மேல் சாய்த்து, சன்னல் வழியே தாளைப் பார்க்கவேண்டும். சட்டைப் பொத்தான் அளவுக்குச் சூரியன் தெளிவாக விழுந்தது. குழாய் வழியாகச் சூரியனை நோக்கலாகாது என்பதை நூறு முறை சொன்னேன். பிள்ளைகள் விஷயத்தில் நூறு என்பது மிகையான எண் அன்று.

எல்லாரிடமும் குழாய் இல்லையே என்றால், பழைய அட்டைப்பெட்டியிலிருந்து கையகல அட்டை ஒன்று போதும். சாக்குத் தைக்கும் கோணூசியால் அதில் தன் பெயரின் முதலெழுத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொள்ளச் சொன்னேன். அட்டையை வெயிலில் பிடித்தால், தரையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சூரியனாக விழும். கிரகணத்தின்போது அவையெல்லாம் பிறைகளாகும். எழுத்து முழுவதும் பிறையால் எழுதப்பட்டிருக்கும். புள்ளிகளுக்கிடையே ஒன்றரை சென்டிமீட்டராவது இடைவெளி விடவேண்டும். இல்லையேல் ஒரு பிறை மற்றொன்றின்மேல் ஏறிக் குழம்பிவிடும். இதை நான் முன்னமே சொல்லியும் 'ஐ' என்னும் எழுத்தை நெருக்கமாகக் குத்தியவள் ஒருத்தி பட்டுத்தான் அறிந்தாள்.

இந்த இடத்தில் ஒரு பையன் நல்ல கேள்வி கேட்டான். பனியன் துணியிலும் கண் கண்ணாகத் துளை இருக்கிறதே, அதைப் பிடித்தால் ஆயிரம் சூரியன் விழவேண்டுமே என்றான். பிடித்துப் பார்த்தோம், வெறும் மங்கல் ஒளிதான். துளைகள் மிக நெருங்கியிருப்பதால் ஆயிரம் சூரியனும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவம் அழிந்துவிடுகிறது. சமையலறையில் உள்ள ஜல்லிக் கரண்டி இதைவிட மேல். அதன் துளை பெரிதாகையால் கரண்டியைத் தரைக்கு மேலே ஓராள் உயரத்தில் பிடிக்கவேண்டும். வேப்பமர நிழலோ எல்லாவற்றிலும் மேல். இலைகளுக்கிடையே உள்ள சந்துகளே ஊசித்துளைகள். நிழலுக்குள் நாம் நாள்தோறும் மிதித்துச் செல்லும் அந்த வட்டவட்டமான வெயிற்காசுகள் எல்லாம் சூரியனின் உருவங்களே என்று சொன்னபோது, பிள்ளைகளைவிட அவர்களுடைய தாய்மார்களே மிகவும் வியந்தார்கள்.

நான் மிகவும் விரும்பும் கருவி முகம் பார்க்கும் சிறு கண்ணாடி. அதை முழுவதும் தாளால் மூடி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் அகலத் துளை மட்டும் விடவேண்டும். மணல் நிரப்பிய சிறு துணிப்பையின்மேல் அதைச் சாய்த்து வெயிலில் வைத்து, எதிரொளியை இருண்ட அறைக்குள் அனுப்பவேண்டும். பதினைந்து மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் பதினான்கு சென்டிமீட்டர் அகலச் சூரியன், ஒரு தோசையைப் போல வந்து நிற்கும். துளையை முக்கோணமாக வெட்டினாலும் சுவரில் வட்டமே விழும்! சுவரை ஒரு சாண் தொலைவுக்குக் கொண்டுவந்தால் முக்கோணம் தெரியும். தூரத்தில் போகப்போக வட்டமாகும். இதைக் கிரகணம் இல்லாத நாளிலும் எந்த ஆசிரியரும் வகுப்பில் காட்டலாம். ஆனால் ஒளி வரும் வழியில் எந்தப் பிள்ளையும் உட்காரக்கூடாது. கண்ணாடியை யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. பூமி சுழல்வதால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உருவம் தன் அகல அளவு நகர்ந்துவிடும். ஆகவே கண்ணாடியைத் திருப்பி வைக்க ஒருவரை நியமிக்கவேண்டும். எங்கள் கூட்டத்தில் மிகுந்த குறும்புக்காரனை அப்பதவியில் அமர்த்தினேன். பதவி அவனை அடக்கிவிட்டது.

நிலவு ஏன் சூரியனை முழுவதும் மூடவில்லை என்ற கேள்வியும் வந்தது. மிளகு ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஐந்து மில்லிமீட்டர் மிளகு நிலவு என்றால், சூரியன் இரண்டு மீட்டர் அகல வட்டம். மிளகைக் கண்ணிலிருந்து ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கவேண்டும். வட்டமோ இருநூற்றுப் பதினைந்து மீட்டருக்கு அப்பால். தெருக்கோடிச் சுவரில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, ஒரு கண்ணை மூடி ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். மிளகு வட்டத்தை ஏறக்குறைய மூடியது. கையைச் சற்று நீட்டியவுடன் வட்டத்தின் விளிம்பு சுற்றிலும் வெளியே தெரிந்தது. நிலவின் பாதை சரியான வட்டம் அன்று. நிலவு சற்று எட்டப் போயிருக்கும் நாளில் கிரகணம் நேர்ந்தால் கங்கணம். பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் செலவாகும் விஷயம் ஒரு மிளகில் முடிந்தது.

இதற்கிடையே பாட்டி ஒருவர், பித்தளைத் தட்டில் நீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார். உலக்கை நின்றது. 'கிரகணம் பிடிச்சா உலக்கை தானா நிக்குமுங்க' என்றார். நான் அவரோடு வாதிடவில்லை. பொங்கல் கழித்து ஒருநாள் அதே பிள்ளைகளை அழைத்து, அதே தட்டு, அதே உலக்கையோடு அவர் வாசலுக்கே போனோம். கை நடுங்காமல் நிறுத்திய மூன்றாம் முறை அது நின்றது. அடி தட்டையாயிருந்தால் உலக்கை என்றும் நிற்கும். பாட்டி சிரித்துக்கொண்டே, 'அப்ப இத்தன வருசமா நா ஒருத்திதான் நிக்க வெச்சனா?' என்றார். கிரகணம் நிழலால் நேர்வது என்பதை ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். நம் பஞ்சாங்கக்காரர்களும் நேரத்தைக் கணித்தே சொல்லிவந்தார்கள். கணக்கு நம்மிடம் இருந்தது. அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கத்தான் தாமதித்தோம்.

அன்று காலை எட்டரை மணிக்கு என் வாசலில் ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. அந்த 1980-ஆம் ஆண்டுப் பையன்தான். எட்டு வயதுப் பேத்தி உள்ளே ஓடிவிட்டாள். அவர் மட்டும் நின்று, 'ஏனுங்க சார், இந்தத் தடவ கையில கண்ணாடித் துண்டு ஏதும் குடுக்க மாட்டீங்களே?' என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு நா எழவில்லை. அறைக்குள் அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினேன்.

சுவரில் ஒட்டிய வெண்தாளில் பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உருவத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, நேரத்தையும் குறித்துக்கொண்டிருந்தார்கள். கடித்த அப்பளம் போலிருந்தது வரவரப் பிறையாயிற்று. இடையிடையே மெல்லிய மேகம் ஓடி எங்களைப் பதற வைத்தது. வெளியே வெயில் நிறம் மாறி, வெள்ளிப் பூச்சுப் போன்ற ஒரு மங்கல் பரவிற்று. ஒன்பதரை மணிக்குச் சற்று முன்பு பிறையின் இரு நுனிகளும் நீண்டு ஒன்றையொன்று தொட்டன. சுவரில் ஒரு வளையல் நின்றது. பிள்ளைகளின் கூச்சலில் கண்ணாடிக்காரன் தன் பதவியை மறந்து உள்ளே ஓடி வந்துவிட்டான். உருவம் சுவரைவிட்டு மெல்ல நழுவியது. அவனை வெளியே விரட்டினோம்.

சிறு எழுத்தை விழுங்கிவிடும் அந்தப் புள்ளி அவர் கண்ணில் இன்றும் உண்டு. ஆனால் சுவரில் இருந்தது ஒரு தட்டளவு உருவம். அவர் கெட்ட கண்ணை ஒருமுறையும் நல்ல கண்ணை ஒருமுறையும் மூடிமூடிப் பார்த்துவிட்டு, 'ரெண்டுலயும் தெரியுதுங்க சார்' என்றார்.

அடுத்து 2027 ஆகஸ்டு 2-ஆம் நாள் எகிப்து முதலிய நாடுகளில் முழுக் கிரகணம். நமக்கு மாலையில் பகுதிக் கிரகணம். திங்கட்கிழமையாதலால் பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் தெருவில் இருப்பார்கள். ஆசிரியர்கள் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். 2031 மே 21-ஆம் நாள், புதன்கிழமை, தேனி, மதுரை, காரைக்குடி வழியாகக் கங்கண கிரகணம் வருகிறது. அது கோடை விடுமுறை. அப்போதும் வீட்டு முற்றமே வகுப்பறை. அந்த அட்டைக் குழாயை எறும்பும் ஈரமும் அண்டாதபடி பரண்மேல் வைத்திருக்கிறேன். அந்தப் பேத்தி, 2031-இல் இருபது வயதாகியிருப்பாள். மதுரைக்குக் குழாயைத் தானே தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.